சாவு வீட்டில் கரடிப் படம்

இருட்டுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பல்லிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, மாமியாருக்குப் பயப்படுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் உண்டு. நான் சிரிப்புக்குப் பயப்படுகிறவன். ஒரு கூட்டம் சேர்ந்தாற்போலச் சிரித்தால் எல்லாரும் என்ன ஏதென்று எட்டிப் பார்ப்பார்கள். என் கண் மட்டும் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடும். இதற்கு டாக்டரிடம் மருந்து கிடையாது. காரணம் ஒரு கரடி. அதுவும் நிஜக் கரடி இல்லை, படம் வரைந்து ஓடவிட்ட பொம்மைக் கரடி.

ஐம்பதுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஓர் அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. ஊர் ஊராகப் படம் காட்டும் வண்டியில் போய் புரொஜக்டர் ஓட்டுவதுதான் உத்தியோகம். படம் என்றதும் சண்டை, டூயட் என்று நினைத்துவிட வேண்டாம். எருக்குழி வெட்டுவது எப்படி, கொசு முட்டை இடுவது எங்கே, இப்படித்தான் இருக்கும். புதூர்ப் பக்கம் ஓர் ஊரில் எருக்குழிப் படத்துக்குக் கடைசிவரை உட்கார்ந்திருந்தது நானும் ஒரு வெள்ளாடும்தான். (ஆடு கட்டிப் போட்டிருந்தது.)

அப்பாவுக்கு எட்டயபுரம் சாலையில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டி ஒட்டியே என்னைப் படிக்க வைத்தவர். நான் நிரந்தரமாகிவிட்டால் கடையைச் சாத்திவிட்டு நிம்மதியாக உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. அம்மா கேட்காத சாமி இல்லை. வீட்டில் காலை எழுந்ததும் முதல் கேள்வி, "நிரந்தரம் ஆயிட்டாலே?" என்பதுதான். காப்பி அதற்கப்புறம்தான் வரும்.

இந்த நிலைமையில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது இளவயசு, மூளை வேறு வேலை செய்துகொண்டிருந்தது. மதுரையில் ஒரு தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் கார்ட்டூன் படம் ஒன்று போட்டார்கள். எனக்கு வலது பக்கம் ஒரு சிறுமி, இடது பக்கம் விபூதி பூசிய ஒரு பெரியவர். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஆனால் ஒரே இடத்தில் சிரிக்கவில்லை. சிறுமி சிரித்தபோது பெரியவர் சும்மா இருந்தார், பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபோது சிறுமி அவரைப் பயந்து பார்த்தாள். அதை வைத்து நான் ஒரு தத்துவமே கண்டுபிடித்துவிட்டேன். ஒருவன் தடுக்கி விழுந்தால் குழந்தை, விழுந்ததற்காகச் சிரிக்கிறது. பெரியவர்கள், அவன் எதை மறைக்கப் போய் விழுந்தான் என்று தெரிந்து சிரிக்கிறார்கள். ஆகவே பொம்மைப் படத்தை முதலில் காட்டினால் ஊரே உட்காரும், பின்னாலேயே எருக்குழியைக் காட்டிவிடலாம்.

இதை எங்கள் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் மெட்ராஸ்காரர். வெயிலையும் எங்களையும் ஒரே மாதிரி வெறுப்பவர். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மெட்ராஸிலிருந்து ஒரு கார்ட்டூன் ரீல் வரவழைக்கிறேன், நானே கூட வந்து பார்க்கிறேன் என்றார். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பெரியவங்க சிரிச்சா நீ பர்மனென்ட். சின்னப் பசங்க மட்டும் சிரிச்சா, அன்னிக்கே நீ வீட்டுக்குப் போயிடலாம். சரிதானே?" என்றார்.

சரி என்றேன். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

ரீல் வந்தது. அதை அவர் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். முன்கூட்டிப் போட்டுப் பார்க்கக்கூட விடவில்லை. பசுவந்தனைக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊர். அங்கே பருத்தி வியாபாரி மைதீன் அண்ணாச்சிக்குப் மூட்டை அடுக்கும் பெரிய கிட்டங்கி ஒன்று இருந்தது. ஜன்னலைச் சாக்கால் மூடினால் பகலிலேயே படம் காட்டலாம். (ராத்திரி ஊரில் தங்க அதிகாரிக்கு இஷ்டமில்லை, கொசு. கொசுப் படம் காட்டுகிறவர்கள்தான் நாங்கள்.) ஊர் நாட்டாமையும் ஒரு மாதம் முன்னாலேயே சம்மதம் சொல்லியிருந்தார். அந்த ஒரு மாதத்தில் மழை பெய்யவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

வண்டி ஊருக்குள் நுழையும்போதே ஒப்பாரிச் சத்தம். பெண்கள் தலைவிரி கோலமாக மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். யாரோ பெரிய ஆள் போய்விட்டார் போலிருக்கிறது, படம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. முச்சந்தியில் போய்ப் பார்த்தால் பாடையில் கிடந்தது வைக்கோல் பொம்மை. கொடும்பாவி.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை, விதைத்த பருத்தி மண்ணுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தது, நிலம் கால் போகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஊரின் பாவத்தையெல்லாம் ஒரு பொம்மையில் ஏற்றி, அதைத் தெருத் தெருவாக இழுத்து, செத்த பிணமாகப் பாவித்து அழுது எரித்தால் வானம் மனமிரங்கும் என்று நம்பிக்கை. எரிக்கிறவரை ஊரே சாவு வீடு. தாளிப்பு வாசம்கூட வரக் கூடாது. அன்றைக்குக் காலையில்தான் இழுத்திருந்தார்கள், மறுநாள் எரிப்பதாக ஏற்பாடு.

தன் ஜீப்பில் முன்னாலேயே வந்துவிட்ட அதிகாரி மைதீன் அண்ணாச்சி வீட்டில் சோடா குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நாட்டாமை என்னைத் தனியே கூப்பிட்டார். ஆள் பனைமரம், மீசை அதற்கேற்ற மாதிரி. அவர் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை என்று அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார்.

"தம்பி, இங்கன வாங்க. வாக்குக் குடுத்தாச்சு, அதனால படத்தைக் காட்டுங்க. சனங்களும் வெயிலுக்கு ஒதுங்குன மாதிரி இருக்கும். ஆனா இது சாவு வீடு. ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சுன்னு வைங்க, நீங்க இந்த ஊர் எல்லையத் தாண்டுத வேலையே இல்ல."

கொலை செய்யப் போகிறவர் போலச் சொல்லவில்லை. நாளைக்குச் சந்தை இருக்கிறது என்பது போலச் சொன்னார். சிரிக்காவிட்டால் வேலை போகும், சிரித்தால் உயிர் போகும்.

அதிகாரியிடம் மெதுவாக, ஊரில் ஒரு துக்கம், படத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று ஆரம்பித்தேன். தோற்றுவிடுவோம் என்று தெரிந்ததும் சாக்குச் சொல்லாதே என்றார். முழுசாகச் சொன்னால் நேரே நாட்டாமையிடம் போய் மூடநம்பிக்கை பற்றிப் பிரசங்கம் செய்வார். அதற்கு அப்புறம் என்னை எரிக்க வைக்கோல்கூட வேண்டியிருக்காது. பேசாமல் போய் புரொஜக்டரை மாட்டினேன். ரீல் இரண்டு தடவை கழன்று விழுந்தது.

பருத்தி விளையாததால் கிட்டங்கி காலி. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் பொடிசுகள். அழுது வீங்கிய முகங்கள். முன்னால் நாட்டாமை, எதிர்ப்பக்கம் அவர் வீட்டம்மா. அதிகாரி என் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கம் திறக்கிறதா என்று நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

திரையில் கரடி வந்தது. குண்டுக் கரடி, ஒரு குடிசை, ஒரு பெண்டாட்டிக் கரடி. அடுத்து வந்தது மழை.

திரைக்குள் அடங்காத மழை. கோடு கோடாக வெள்ளையடித்தாற்போலப் பெய்தது. யாரோ ஒரு பெண் கைகூப்பினாள், பக்கத்தில் இருந்தவர்களும் கூப்பினார்கள். நாட்டாமை மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பயம் மறந்துபோயிற்று. படத்து மழையைக் கும்பிடுகிற அளவுக்கு அவர்கள் காய்ந்துபோயிருந்தார்கள்.

அதை அந்தக் கரடி கெடுத்தது. குடிசை ஒழுகியது. கரடி ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்தால் ஒழுக்கு நகர்ந்து அதன் தலையில் விழுந்தது. தலையை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது. பொடிசுகள் பக்கம் ஒரு 'க்ளுக்' கேட்டது. உடனே சடசடவென்று தாய்மார்களின் கைகள் பிள்ளைகளின் வாயை மூடின. பிள்ளைகள் வாயில்லாமல் சிரித்தன, தோள் மட்டும் குலுங்கியது. அதிகாரி என் காதருகில் குனிந்து, சின்னப் பசங்கதான் சிரிக்கறாங்க என்றார். நல்ல நேரத்தில் சொன்னார்.

அடுத்த காட்சி எனக்கு இன்றைக்கும் கனவில் வரும். வெளியே ஓடிய கரடியை ஒரு குட்டி மேகம் துரத்தித் துரத்தி நனைத்தது. கரடி கோபப்பட்டு விளக்குமாற்றை எடுத்து அந்த மேகத்தை அடித்தது. மேகம் முகம் சுருங்கி அழுதுகொண்டே ஊரைவிட்டுப் போயிற்று.

"ஆத்தாடி, மழைய வாரியலால அடிச்சு வெரட்டுதான்" என்று ஒரு கிழவியின் குரல்.

முடிந்தது என்று நினைத்தேன். மழைக்கு அழுகிற ஊரில், பிணம் கிடக்கும்போது, மழையை விளக்குமாற்றால் அடிக்கும் படத்தை விலாவாரியாக வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். நாட்டாமை திரும்பி என்னைப் பார்த்தார். நிறுத்திவிட சுவிட்சில் கை வைத்தேன். பின்னாலிருந்து அதிகாரி, "ஓட்டு" என்றார்.

ஓட்டினேன். போன மேகம் பெரிய கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. (வாழ்க அந்தப் படம் வரைந்தவர் குடும்பம்.) கூட்டம் கொஞ்சம் மூச்சுவிட்டது. பெண்டாட்டிக் கரடி கூரையைக் காட்டி, ஏறி அடை என்று விரலை நீட்டியது. கரடி சுத்தியலோடு ஏறியது. நாலு தட்டு தட்டியது. சுற்றுமுற்றும் பார்த்தது. புகைபோக்கிக்குப் பக்கத்தில் மழை விழாத ஓர் இடம் பார்த்துப் படுத்துக்கொண்டு, சுத்தியலைக் கால் விரலில் கட்டிக்கொண்டது. தூக்கத்தில் கால் ஆட ஆட, டொக், டொக், டொக். கீழே பெண்டாட்டி, ஐயோ பாவம் மனுஷன் எப்படி உழைக்கிறார் என்று உருகிப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தது.

ஆண்கள் பக்கம் ஏதோ நெளிவது தெரிந்தது. இரண்டு பேர் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்கள். அது குழந்தைகளுக்குப் புரியவில்லை, அவை சும்மா பார்த்துக்கொண்டிருந்தன. என் தத்துவம் என் கண் முன்னால் நிரூபணமாகிக்கொண்டிருந்தது. நான்தான் ஐயோ வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பணியாரத்தோடு வந்த பெண்டாட்டி தற்செயலாக மேலே பார்த்தது. ஒழுகுகிற ஓட்டை வழியாக அதன் ஒற்றைக் கண். மேலே கரடியும் கண்ணைத் திறந்தது. இரண்டு கண்ணும் ஒன்றையொன்று பார்த்தன. கரடி அவசரப்படவில்லை. மெதுவாகக் காலில் இருந்த சுத்தியலைக் கழற்றி, கையில் எடுத்து, ஒன்றுமே நடக்காதது போல ஆணி அடிக்க ஆரம்பித்தது.

எருமை செருமுவது போல ஒரு சத்தம் கேட்டது. நாட்டாமை.

அடக்கப் பார்த்தார். அடக்கியதில் அது மூக்கு வழியாக வந்தது. அவர் வீட்டம்மா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார், திரையில் பெண்டாட்டிக் கரடி பார்த்த அதே பார்வை. நாட்டாமை சட்டென்று துண்டை எடுத்து உதறி மடிக்க ஆரம்பித்தார், ஒன்றுமே நடக்காதது போல. அதோடு அந்தம்மாவுக்கு அடக்க முடியவில்லை. வெடித்துவிட்டார். அவருக்குப் பின்னால் பெண்கள் பக்கம் முழுக்க, பிறகு ஆண்கள், வாயில் இருந்த கைகள் விலகியதால் பிள்ளைகள். கிட்டங்கித் தகரம் அதிர்ந்தது. மாதக் கணக்காகச் சிரிக்காத சனம், அழுது அழுது சலித்த சனம், மடியில் அடித்துக்கொண்டு சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரிக்காத ஒரே ஆள் நான். எனக்கு வியர்வை மூக்கு நுனியிலிருந்து புரொஜக்டர் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

ரீல் முடிந்தது. திரையில் வெறும் வெள்ளை. சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அணைந்தது. அதிகாரி என் தோளில் தட்டி, நீ நிரந்தரம், எருக்குழியை நீயே காட்டிவிடு என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அந்த ஜீப்பின் பின்னால் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள நினைத்தேன். வாசலில் நாலு பேர் நின்றார்கள்.

நாட்டாமை எழுந்து, சாவு வீட்டில் முதலில் சிரித்தது யார் என்று கேட்டார். கிட்டங்கி முழுக்க அவ்வளவு பேருக்கும் தெரியும். சிலர் மேலே தகரத்தைப் பார்த்தார்கள், சிலர் கால் நகத்தைப் பார்த்தார்கள். அவர் வீட்டம்மா மட்டும் அவரையே பார்த்தார். உடனே நாட்டாமையின் கை என் பக்கம் திரும்பியது.

தீர்ப்பு கிட்டங்கி வாசலிலேயே ஆனது. பிணத்துக்கு முன்னால் ஊரே சிரித்துவிட்டது, இனி நாளை வரை போட்டு வைக்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். மகன் முறையில் மொட்டை போட்டுக் கொள்ளி வைக்க ஒத்துக்கொண்டிருந்தவன், இந்த அபசகுனத்துக்கு அப்புறம் முடியவே முடியாது என்று மாட்டுத் தொழுவத்தில் ஒளிந்துகொண்டான்.

"சிரிக்க வச்சவரு அழட்டும்" என்றார் நாட்டாமை. "இவரே மகன்."

எங்க அப்பா உசிரோடு இருக்காரு, நான் மொட்டை போடக் கூடாது என்று கும்பிட்டுச் சொன்னேன். கொடும்பாவிக்குத்தான் மகன், உங்கப்பாவுக்கு இல்லை என்று பதில் வந்தது. நான் மைதீன் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பேசிப் பார்த்தார், ஆகவில்லை. பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "தம்பி, முடின்னா மறுபடி வளரும். இவிய வேற எதையும் எடுத்தா வளராது. உக்காந்துருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். சவரக்கத்தி தலையில் படும்போதெல்லாம், கழுத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தலை போயிற்று, அப்போதுதான் நன்றாக வர ஆரம்பித்திருந்த மீசையும் போயிற்று. கையில் கொள்ளிச்சட்டி. பாடைக்கு முன்னால் நடந்தபோது எனக்கு வந்த அழுகை நடிப்பு இல்லை. தேம்பித் தேம்பி அழுதேன். சிரித்த குற்றத்துக்குப் பெண்களும் சேர்த்து வைத்து அழுதார்கள். நம்மூர்ப் பயலுவகூட இப்படி அழுததில்லை என்று ஒருவர் மெச்சியது காதில் விழுந்தது.

எரித்து முடித்துக் குளித்துவிட்டு வந்தபோது நாட்டாமை என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அடுத்து என்னவோ என்று ஈரவேட்டியோடு போனேன். சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் செருமுனேன். சிரிக்கல. என்ன?" ஆமாம் என்றேன். போகவில்லை, நின்றார். "கண்ணத் தொடச்சதுல கடைசியப் பாக்கல. அந்தக் கரடிக்கு என்னாச்சு?"

பணியாரம் கிடைக்கவில்லை என்றேன். "அதான பாத்தேன்" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

நன்றாக இருட்டிய பிறகு வீடு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்த அம்மா என் தலையைப் பார்த்தாள், மீசை இல்லாத உதட்டைப் பார்த்தாள், 'என்னப் பெத்த ஐயா' என்று ஒரே அலறல். அலறிவிட்டு அப்பாவைத் தேடி ஓடினாள். அப்பா அடுக்களையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

"ஏலே, நான் இன்னும் சாவலையேலே" என்றார். குரலில் ஒரு சந்தேகம் இருந்தது.

மறுநாள் அலுவலகம். அதிகாரி என்னைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார், கண்ணாடியைக் கழற்றினார். ராத்திரியா என்று கேட்டார். அப்பாவா என்று கேட்டார். நிஜத்தைச் சொன்னால் கொடும்பாவியைச் சொல்ல வேண்டும். கொடும்பாவியைச் சொன்னால் அந்த ஊர்மேல் புகார் போகும், நாட்டாமை என்னைத் தேடி வருவார். என் தலை மேலும் கீழும் ஆடியது. சத்தியமாக நான் ஆட்டவில்லை, பயம்தான் ஆட்டியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். காரியம் முடியும் வரை லீவு கொடுத்தார். நிரந்தரம் செய்வதற்கு எழுதிவிட்டதாகவும், அப்பா ஆத்மா சாந்தியடையும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "நிரந்தரம் ஆயிட்டாலே?"

"ஆயிட்டுப்பா. ஆனா நீங்க செத்துட்டீங்க."

அப்பா கடைச் சாவியை ஆணியில் மாட்டினார். "நிரந்தரம்னா சரி" என்றார்.

துக்கம் கேட்க அதிகாரியே வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பாவுக்கு ஒளிய நேரமில்லை. இவர் யார் என்று அவர் கேட்டபோது என் வாயில் வந்தது, "பெரியப்பா" என்பதுதான். அப்பா கும்பிட்டு உட்கார வைத்தார். அதிகாரி, உங்கள் தம்பி பிள்ளையை எவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்திருக்கிறார், பஞ்சர் ஒட்டியே ஒரு பையனை ஆளாக்கிய மனுஷன், இந்த நாளைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்றார். அப்பாவைப் பற்றி அதுவரை யாரும் அப்படி நல்லதாக நாலு வார்த்தை சொன்னதில்லை. கேட்கக் கேட்க அப்பாவுக்கே தாங்கவில்லை, துண்டில் முகம் புதைத்து அழுதார். உள்ளே அம்மாவும் அழுதாள். நானும் அழுதேன், ஆனால் எங்கே யாராவது சிரித்துவிடுவோமோ என்று வாசலையும் பார்த்துக்கொண்டேன்.

அந்த மாதம் மழை பெய்தது, எப்படியும் ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழைதான், அதுவும் கொஞ்சம். என் மொட்டையால்தான் பெய்தது என்று அந்த ஊர் நம்பியது. என் வேலைக்காக அப்பா அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் பெரியப்பாவாக வாழ்ந்தார். கடைத்தெருவில் அலுவலக ஆட்கள் எதிர்ப்பட்டால் அவரே முந்திக்கொண்டு, தம்பி போனதிலிருந்து மனசே சரியில்லை என்பார். உண்மையாகவே அவர் போனபோது நான் பெரியப்பாவுக்கு என்று சொல்லித்தான் லீவு வாங்கினேன். ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள்.

இப்போது என் பேரப்பிள்ளைகள் டிவியில் பொம்மைப் படம் போட்டுக்கொண்டு உருண்டு புரண்டு சிரிக்கின்றன. படத்தின் வேறு இடத்தில் என் மகனும் மருமகளும் சிரிக்கிறார்கள். சத்தம் ஓர் அளவுக்கு மேல் போனால் அடுக்களையிலிருந்து என் மனைவி, என் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தையை அவர் குரலிலேயே சொல்வாள்:

"மெதுவாச் சிரிங்கலே. என்னால இன்னொரு தடவ சாவ முடியாது."